பதினெட்டு நடக்குது

அம்பலவாணனை அண்ணை என்று கூப்பிட்ட என் வாயை எத்தனை தரம் கழுவினாலும் போதாது. இந்த வெள்ளைக்காரர் நாட்டில், ரெய்னர்ஸ் லேனில் பேக்கரி வைத்திருக்கும் பெரிய மனிதர். என் மனுசன் செத்தபோது எனக்கும் மகள் வான்மதிக்கும் கடைக்கு மேலே ஓர் அறை தந்தார். ஊரெல்லாம் அவரைத் தர்மவான் என்றது. நான் மத்தியானத்தில் இருந்து கடை பூட்டும்வரை கீழே நின்று ரோல்ஸ் பொரிக்கிறது யாருடைய கண்ணிலும் படவில்லை.

மாசி மாதம் மாவு குழைக்கிற ஆள் வேலையை விட்டுப் போனான். அந்த வேலை விடியப்புறம் மூன்று மணிக்குத் தொடங்கும். வான்மதி இறங்கட்டும், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பிடித்து அந்த அறையில் இருத்துவேன் என்றார். வயது என்ன என்று ஒரு பேச்சுக்குக் கேட்டார். பதினெட்டு நடக்குது என்றேன். எங்கள் ஆட்கள் நடக்கிற வயதைத்தானே சொல்லுவோம். பதினேழு முடிந்து அடுத்தது ஓடுகிறது என்று அர்த்தம். யாழ்ப்பாணத்தில் பிறந்த மனிதருக்கு இது தெரியாதா?

என் பிள்ளை மூன்று மாதம் மாவோடு மல்லுக்கட்டினாள். வைகாசியில், மாதிரிச் சோதினையில் பேப்பர்மேல் தலையை வைத்து நித்திரையாகிவிட்டாள். ஆனியில் ஏ லெவல். இதில் சறுக்கினால் யூனிவர்சிட்டி இல்லை, மாவுதான்.

சட்டத்தை அவள்தான் கொலிஜில் கேட்டுக்கொண்டு வந்தாள். பதினெட்டு முடியாதவர்களை இரவில் வேலைக்கு விடக்கூடாதாம். நான் போய் அம்பலவாணனிடம் சொன்னேன். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"பேக்கரிக்கு அந்தச் சட்டம் இல்லை, மாதங்கி. சலுகை இருக்கு."

"சலுகை நாலு மணிக்குப் பிறகுதான் அண்ணை. பன்னிரண்டில இருந்து நாலுவரைக்கும் பேக்கரியிலயும் ஏலாது."

நாலு மணிக்கு மாவு தொட்டால் ஆறு மணிக்குப் பாண் ரொட்டி வெந்து வராது என்றார். பிறகு ஒரு நமட்டுச் சிரிப்புச் சிரித்தார்.

"பதினெட்டெண்டு நீர்தானே சொன்னனீர்? பிறகென்ன சட்டம்?"

கோதாரியில் போவான். நடக்குது என்ற சொல்லை அப்படியே விழுங்கிவிட்டான். இனி அவனுக்கு என்ன மரியாதை? அடுத்த நாளே கவுன்சிலுக்குப் போன் எடுத்தேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் முக்கால்வாசி கோபம்தான், ஆனாலும் அவர்களுக்கு விளங்கிற்று.

கவுன்சிலில் இருந்து இசபெல் என்று ஒரு பெண் பின்னேரம் வந்தாள். நான் அடுப்படியில் நின்றேன், வான்மதி மேலே செத்தவள் மாதிரிக் கிடந்தாள். விடியப்புறம் வேலை செய்கிற பிள்ளைக்கு எத்தனை வயது என்று இசபெல் கேட்டாள். அம்பலவாணன் கண் வெட்டாமல், பதினெட்டு, தாயே சொன்னவள் என்று என்னைக் கையால் காட்டினான். நான் வாயைத் திறக்குமுன் கடைக் கதவு திறந்தது. அவனுடைய மகன் விஷால் பள்ளிக்கூடப் பையோடு உள்ளே வந்தான்.

இந்தப் பையனும் இங்கே வேலை செய்கிறானா என்று இசபெல் கேட்டாள்.

அம்பலவாணனுக்கு ரோசம் வந்துவிட்டது. இல்லவே இல்லை, அவன் என் மகன், பதினேழுதான், இரவு வேலைக்கு விட்டால் சட்டப்படி குற்றம் அல்லவா என்றான். படிக்கிற பிள்ளை நன்றாக நித்திரை கொள்ளவேண்டும் என்று வேறு சேர்த்துக்கொண்டான். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. சரி, என்னுடையது என்ன, தவிட்டுக்கு வாங்கினதா?

நான் கரண்டியை வைத்துவிட்டு விஷாலிடம் போனேன்.

"தம்பி, உன்ர பிறந்தநாள் எப்ப எண்டு இவவுக்குச் சொல்லு."

அவன் தகப்பனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பாவம், பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. வருகிற ஜூலையில் என்று இங்கிலீஷில் சொன்னான். வான்மதியும் நானும் ஒரே ஆஸ்பத்திரியில் ஒரே நாளில் பிறந்தோம், வருசா வருசம் ஒரே கேக்கைத்தான் வெட்டுகிறோம் என்றும் சொன்னான்.

இசபெல் அம்பலவாணனை நேருக்கு நேர் வடிவாகப் பார்த்தாள். நாளையில் இருந்து அந்தப் பிள்ளை நாலு மணிக்கு முன்னே இந்த மாவு குழைக்கிற மெஷினைத் தொடக்கூடாது, நான் சொல்லாமல் வந்து பார்ப்பேன் என்றாள்.

அவள் போனதும் அம்பலவாணன் என் முகத்துக்கு நேரே வந்தான். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவள் என்றான். அறையை விடு என்றான்.

"விடுறன். அவளின்ர சோதினை முடியட்டும். அதுக்கு முதல் கதவைத் தட்டினால் இசபெல்லைத்தான் கூப்பிடுவன்."

அடுத்த நாள் விடியப்புறம் மூன்று மணிக்குக் கீழே மெஷின் ஓடிற்று. வேறு ஆள் கிடைக்கவில்லை. அம்பலவாணன்தான் மாவைக் கொட்டிக்கொண்டு என்னையும் என் பரம்பரையையும் திட்டினான். வாயாரத் திட்டட்டும் என்று நான் எழும்பி, என் பழைய சேலையைச் சுருட்டிக் கதவின் அடியில் அடைத்தேன். வான்மதி புரண்டுகூடப் படுக்கவில்லை.