ஜன்னல் சட்டத்துக்குள் இருந்தது

டீச்சரம்மாவுக்கு அந்தத் தச்சனை முதல் நாளே பிடிக்கவில்லை. முகப்பு ஜன்னலின் வெளிச்சட்டத்தில் பெயிண்ட் உரிந்திருக்கிறது, சுரண்டிவிட்டுப் பூசு என்றுதான் வரச் சொன்னாள். அவனோ ஸ்குரூ டிரைவரை எடுத்து அடிச்சட்டத்தில் ஒரு குத்துக் குத்தினான். ஊறிய ரொட்டியில் இறங்குவதுபோல் பிடிவரைக்கும் இறங்கியது.

"உள்ள உளுத்துப் போச்சும்மா. இதை எடுத்துட்டுப் புதுச் சட்டம் வெச்சாதான் தாங்கும்."

"நல்லாத்தானே இருந்துச்சு! நீயே ஓட்டை போட்டுட்டு உளுத்துப் போச்சுங்கிறியா?"

முப்பது வருடம் கணக்குப் பாடம் எடுத்தவள். விடைத்தாளைப் புரட்டியே யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்று சொல்லிவிடுவாள். அரைமனதாகச் சரி என்றுவிட்டு, வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். அவன் உளியை எடுத்தால் இவள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டினாள். யாரிடமோ போனில் "இன்னும் ரெண்டு நாள் ஆகும்" என்று அவன் சொன்னதும், 'இழுத்தடிக்கப் பார்க்கிறான்' என்று முடிவே கட்டிவிட்டாள்.

மறுநாள் காலை சட்டத்தைப் பெயர்த்தவன் கூப்பிட்டான். "அம்மா, இங்க வந்து பாருங்க."

கல்லாக இறுகிய பட்டிப் பூச்சுக்குப் பின்னால், கறுத்து நனைந்த காகிதக் கட்டு திணிக்கப்பட்டிருந்தது.

"இதை நீ வெக்கலைன்னு எப்படி நம்புறது?"

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. ஈரக் காகிதத்தைப் பிரித்து நீட்டினான். "பழைய பேப்பர்ம்மா. தேதி இருக்கு, நீங்களே படிங்க."

மூன்று வருடத்துக்கு முந்தைய தேதி. இடுப்பெலும்பு முறிந்து அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த மாதம். அப்போது வீட்டுச் சாவி தம்பியிடம் மட்டும்தான் இருந்தது. அதற்குப் பிறகு மழை பெய்தாலே அவன் வந்து நிற்பான். வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பான். வீட்டின் மேல் கண் வைத்துவிட்டான் என்று அவள் உள்ளுக்குள் புழுங்கியிருக்கிறாள்.

உடனே போன் போட்டாள். "ஜன்னலுக்குள்ள என்னடா வெச்சே?"

"பெயிண்ட் அடிச்சு வெக்கலாம்னு போனேன்க்கா. சுரண்டினா மரமே கையோட வந்துடுச்சு. நீ எழுந்து உட்கார முடியாமக் கிடந்தே. அப்ப போய் இதை எப்படிச் சொல்றது? எனக்குத் தெரிஞ்ச மாதிரி பேப்பரை அடைச்சுப் பூசிட்டேன்."

"மூணு வருஷமா வாயில என்ன கொழுக்கட்டையா?"

"சொன்னா நீ சும்மா விடுவியா? அதான் மழைக்கு மழை வந்து, தண்ணி இறங்குதான்னு பார்த்துட்டுப் போனேன்."

"சாயங்காலம் நேர்ல வா" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தாள்.

சாயங்காலம் தம்பி தலையைக் குனிந்துகொண்டு வந்தான். அதேபோல் அடைத்துப் பூசிய இன்னும் இரண்டு ஜன்னல்களை அவனே காட்டிக்கொடுத்தான். தச்சனுக்குப் பலகையும் பிடித்தான். டீச்சரம்மா மூன்று பேருக்கும் டீ போட்டுக் கொண்டுவந்தாள். கொடுத்துவிட்டு, தம்பி காட்டாத நான்காவது ஜன்னலையும் ஒருமுறை குத்திப் பார்க்கத் தச்சனிடம் சொன்னாள்.

அது நல்ல மரமாகத்தான் இருந்தது.