வார்னிஷ் பூசிய முட்டை

முட்டை ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஆயிரக்கணக்கில் உண்டு. உக்ரேனியர் ஈஸ்டருக்கு முட்டை வரையும்போது உள்ளிருப்பதை எடுப்பதில்லை. உருக்கிய மெழுகால் கோடிட்டு, சாயத்தில் தோய்த்து, மறுபடி மெழுகிட்டு, கடைசியில் மெழுகை உருக்கித் துடைப்பார்கள். பச்சை முட்டை துளைகள் வழியே மெல்ல மெல்ல மூச்சுவிட்டு, ஆண்டுக்கணக்கில் காயும். பிறகு குலுக்கினால் உலர்ந்த கரு உள்ளே கிலுகிலுக்கும்.

1937இல் உக்ரைனின் ஒரு சிறு நகரத்தில், பழம்பொருள் காக்கும் நூதனசாலையில் இப்படியான முட்டைகள் நிறைய இருந்தன. பழையவையும், அந்த வசந்தத்தில் கிராமத்துப் பெண்கள் களவாக வரைந்து கொடுத்தவையும். மதச் சின்னங்கள் என்று எல்லாவற்றையும் நொறுக்கச் சொல்லி சோவியத் அரசு உத்தரவிட்டது. பொறுப்பாளர் யூகிம் அவற்றை நூதனசாலையைச் சூடேற்றும் அடுப்புக்குப் பின்னால், சுவருக்குள் ஒளித்தார். இடம் தெரிந்தவர்கள் மூன்றே பேர்: யூகிம், அவரோடு வேலைசெய்த மனைவி மெலானியா, உதவியாளர் செனோன். சில கிழமைகளில் பொலிஸ் வந்து நேரே அந்தச் சுவரை இடித்தது. யூகிமைச் சுட்டார்கள். மெலானியாவின் பற்களை உடைத்தார்கள். செனோனை ஒருவரும் தொடவில்லை.

போருக்குப் பிறகு இருவரும் ரொறன்ரோவுக்கே வந்து சேர்ந்தார்கள். "காட்டிக்கொடுத்தவன்" என்று மெலானியா சொன்னதே போதுமாக இருந்தது. தேவாலயத்தில் செனோன் உட்கார்ந்தால் அந்த வாங்கு வரிசையே காலியாகும். அவருடைய மனைவியின் செத்தவீட்டுக்கு ஒருவரும் போகவில்லை.

1991இல் உக்ரைன் விடுதலையானது. அடுத்த ஈஸ்டருக்குத் தேவாலய மண்டபத்தில் கண்காட்சி. அதற்காக, யூகிம் செத்த பிறகு முதல் தடவையாக மெலானியா முட்டை வரைந்தார். அவரைப் பராமரிக்க நகரின் டோர்செட் பார்க் பகுதியிலிருந்து வரும் சந்திரவதனா பக்கத்தில் நின்று பார்த்தாள். இருவரும் உடைந்த ஆங்கிலத்தில் பேசிக்கொள்வார்கள்.

"உது என்ன அன்ரி, கடைசியில பூசுறியள்?"

"வார்னிஷ். நூதனசாலைப் பழக்கம். நிறம் மங்காது. அங்கயும் ஒளிக்க முதல் எல்லாத்துக்கும் நான்தான் பூசினனான்."

முட்டைகளைத் திறப்புக்குச் சில கிழமை முன்பே மண்டபத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள், சுடும் விளக்கின் கீழ் வைத்துவிட்டார்கள். கண்காட்சி திறக்கும் காலையில் பெட்டிக்குள் ஏதோ படாரென்றது.

"ஐயோ, என்ன நாற்றம்! காஸ் லீக்கோ? 911க்கு அடிக்கட்டோ அன்ரி?" மண்டபத்துக் குசினியிலிருந்து சந்திரவதனா ஓடிவந்தாள்.

மெலானியா பெட்டிக்குள் சிதறிக் கிடந்த ஓட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். காய்ந்த முட்டைக்கு வார்னிஷ் ஒன்றும் செய்யாது. பச்சை முட்டையில் அது துளைகளை அடைத்துவிடும். சூட்டில் உள்ளே வாயு பெருகும், போக வழியில்லை. அங்கே அடுப்பு, இங்கே விளக்கு. அங்கேயும் சுவருக்குள்ளிருந்து வந்த நாற்றம் தாங்காமல் யாரோ பொலிஸுக்கு ஆளனுப்பியிருப்பார்கள்.

பழைய கதையெல்லாம் மெலானியாவிடம் கேட்டிருந்த சந்திரவதனாவுக்கும் விளங்கிவிட்டது. "அன்ரி... அப்ப அங்கயும் உப்பிடித்தானே? அந்த மனுசன் ஒருத்தருக்கும் சொல்லேல்லையே!"

வாசலில் செருமல் கேட்டது. ஒவ்வொரு ஈஸ்டருக்கும் போலத் தொப்பியைக் கையில் பிடித்தபடி செனோன்.

"இந்த முறையாவது உள்ள வரட்டோ, மெலானியா? எனக்கும் வயசு போட்டுது."

மெலானியா திரும்பினார். உடைந்த ஓட்டைத் தன் உடம்பால் மறைத்தார்.

"காட்டிக்கொடுத்தவனுக்கு இங்க இடமில்லை."

பிறகு சந்திரவதனாவிடம், "கதவைச் சாத்து. ஆக்கள் வர முதல் யன்னலைத் திற."

சந்திரவதனா கதவைச் சாத்தினாள்.