இரவல் கதிரை

வவுணதீவுப் பக்கத்தில் ஒரு பெண் இன்னொருத்தியோடு பேசும்போது பேச்சின் வாலில் ஒரு 'கா' ஒட்டிக்கொள்ளும். "என்ன கா?", "வா கா", "இரு கா, போகலாம்." அதற்கு என்ன பொருள் என்று கேட்டால் ஒருத்திக்கும் சொல்லத் தெரியாது. அது இல்லாமல் பேசினால் மட்டும் உடனே விளங்கிவிடும். ஒன்றில் மனஸ்தாபம், இல்லாவிட்டால் பேசுவது அரசாங்கக் கந்தோர் உத்தியோகத்தரோடு.

கேதீஸ்வரிக்கு அந்தக் 'கா' பக்கத்து வளவிலிருந்து வந்துகொண்டிருந்தது. புருசன் வாவியில் தோணி கவிழ்ந்து செத்துப்போனான். ஒரே மகள் மேனுகா கட்டுநாயக்காவில் ஆடைத் தொழிற்சாலைக்குப் போய்விட்டாள். மிஞ்சியது தென்னோலைக் கிடுகு வேலியில் ஆள் போய்வர விட்ட கடப்பும், அதற்கு அப்பால் இருந்த கண்ணகையும்தான். கடப்புக்குப் படலை இல்லை. படலை வைத்திருந்தால் திறந்து மூடுவதே இரண்டு பேருக்கும் முழுநேர வேலையாகியிருக்கும். கேதீஸ்வரி வீட்டுத் தேங்காய்த் திருவலை அங்கே இருக்கும், கண்ணகை வீட்டு உலக்கை இங்கே இருக்கும். எது யாருடையது என்று கேட்டால் இரண்டு பேரும் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார்கள்.

ஒரு சாமான் மட்டும் யாருடையது என்று ஊருக்கே தெரியும். மேனுகா முதல் சம்பளத்தில் வாங்கி அனுப்பிய நாலு சிவப்புப் பிளாஸ்டிக் கதிரைகள். கூடவே ஒரு ஃபேன்.

ஏழைக் குடும்பங்களுக்கு மாதாமாதம் வங்கியில் காசு போடப் போகிறார்கள், அதற்கு வீடு வீடாக நிலைமை பார்க்க ஆட்கள் வருகிறார்கள் என்று கதை வந்த அன்று, கண்ணகை கடப்பால் ஓடி வந்தாள்.

"கேதீசு, கதிரையத் தா கா. ஃபேனையும் தா. உன்ட கண்ணாடிக் கிளாசுகள் எங்க கா?"

"என்னத்துக்கு அக்கா?"

"வாற மனிசர நிலத்திலயா இருத்துற? கந்தோர் ஆக்கள். வேர்த்து வழிய வருவாங்க."

கண்ணகையின் புருசன் நல்லரத்தினம் இடுப்பு முறிந்து பாயில் கிடந்தார். வீட்டில் மூன்று வேளை உலை கொதிப்பதே அதிசயம். ஆனால் வந்தவரை இருத்தாமல் பேசுவது என்பது கண்ணகையின் பிறப்பிலேயே இல்லை. கேதீஸ்வரியும் சிரித்தாள்; ஆளுக்கு இரண்டு கதிரையாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். கேதீஸ்வரி தன் கையாலேயே ஃபேனைப் பொருத்தி விட்டாள். கடையில் சொல்லிக் கடனுக்குச் சோடாவும் எடுத்தாயிற்று.

வந்தவர்கள் கண்ணகை வீட்டுக் கதிரையில் சாய்ந்து, ஃபேன் காற்றில் சோடா குடித்து, ஏதோ எழுதிக்கொண்டு எழும்பினார்கள். அடுத்து கேதீஸ்வரி வீட்டுக்கு வந்தார்கள். அங்கே உட்கார ஒன்றும் இல்லை. அவள் பாயை விரித்தாள். அவர்கள் அதையும் எழுதிக்கொண்டார்கள்.

காசு கிடைப்போர் பட்டியலில் கேதீஸ்வரியின் பெயர் வந்தது. கண்ணகையின் பெயர் வரவில்லை.

இதில் யாரை நோவது? பார்க்க வந்தவர்கள் கண்ணால் கண்டதை எழுதினார்கள். கதிரைக்கு வாய் இருந்திருந்தால் சொல்லியிருக்கும்.

காசு கேதீஸ்வரியின் வாழ்க்கையைத் திருத்தியது, அதை மறைப்பதற்கில்லை. ஒழுகின கூரைக்குத் தகரம் போட்டாள். கிழமைக்கொரு தரம் மோட்டார் சைக்கிளில் வந்து வாசலில் நின்று, ஊர் கேட்கச் சத்தம் போட்ட கடன்காரனின் முகத்தை இனிப் பார்க்க வேண்டியதில்லை. கடைக்காரன் கூட அவளைக் கண்டால் முகம் கோணாமல் சாமான் கட்டினான். அவளுக்கென்று சொந்தமாக ஓர் உலக்கையும் வாங்கிவிட்டாள். வாங்கிக் கொண்டுவந்து சுவரில் சாத்திய பிறகுதான் உறைத்தது, இனி உலக்கை கேட்டு அந்தப் பக்கம் போகவும் காரணம் இல்லை என்று.

கண்ணகை சண்டை பிடிக்கவில்லை. சண்டை பிடித்திருந்தால் ஒரு நாளில் தீர்ந்திருக்கும். கதிரைகளைக் கழுவித் துடைத்துக் கடப்படியில் அடுக்கி வைத்துவிட்டு, வருவதை நிறுத்திக்கொண்டாள். கேதீஸ்வரி விரால் மீன் ஆக்கி ஒரு கோப்பையில் கொடுத்தனுப்பினாள். கோப்பை திரும்பி வந்தது, மினுக்கிக் கழுவி, வெறுமையாக. முன்பென்றால் நாலு பச்சைமிளகாயாவது அதற்குள் கிடக்கும். வெறுங்கோப்பை திருப்புவது அந்த இரண்டு வீட்டுக்குள்ளும் நடவாத காரியம். கேதீஸ்வரி அந்தக் கோப்பையை வைத்துக்கொண்டு குசினியில் இருந்து அழுதாள். ஒரு நாள் வந்த காசில் பாதியைக் கொண்டுபோய் நீட்டியும் பார்த்தாள். கண்ணகை வாசலைக் கூட்டிக்கொண்டே, "அது உன்ட பேருக்கு வந்தது" என்றாள். 'கா' இல்லை.

வெயில் சாயும் பின்னேரம் வாவிக்காற்று எழும்பும். தகரக்கூரை படபடக்கும். மேனுகாவின் ஃபோன் வந்தால் ஐந்து நிமிசம் பேச்சு. மற்றபடி அந்த வீட்டில் மனிதக் குரலென்று ஒன்றும் இல்லை. நாலு கதிரையில் ஒன்றில் அவள் இருப்பாள், மூன்று சும்மா இருக்கும்.

கடைசியில் பொறுக்க முடியாமல் பஸ் ஏறிக் கந்தோருக்குப் போனாள். கதிரையும் ஃபேனும் தன்னுடையவை, அந்த வீட்டில் உண்மையில் ஒன்றும் இல்லை என்று ஒளிக்காமல் சொன்னாள். தன் காசையும் வெட்டிவிடுவார்களோ என்ற பயமும் இருந்தது. மேசைக்குப் பின்னால் இருந்த பெண் நல்லவள். "தனிய இருக்கிற உங்களுக்கு நாலு கதிரையால ஒண்டும் மாறாது அம்மா. அந்த வீட்டத் திரும்ப வந்து பாக்கிறம்" என்றாள். கேதீஸ்வரி இதை ஊரில் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

அவர்கள் வருவதாகச் சொன்ன நாளுக்கு முதல் நாள், கடப்பில் ஒரு நிழல் விழுந்தது.

"கேதீசு, என்ன கா செய்யிறாய்?"

கேதீஸ்வரிக்குக் கையில் இருந்த சுளகு நழுவிவிட்டது. "வாங்க அக்கா, வாங்க" என்று தடுமாறினாள். தேத்தண்ணி வைத்தாள். சீனி போட்டாளா இல்லையா என்று நினைவில்லாமல் இரண்டு தரம் போட்டாள். கண்ணகை வழக்கமாக இருக்கும் கதிரையிலேயே இருந்தாள். நல்லரத்தினத்தின் இடுப்பு, வயல் வட்டையில் யானை இறங்கியது, பிறகு மேனுகாவுக்கு எப்போது கலியாணம், எல்லாம் பேசினாள். கேதீஸ்வரி ஒவ்வொரு 'கா'வையும் காது குளிரக் கேட்டாள். உலகம் பழையபடி ஆகிவிட்டது என்றே நம்பினாள்.

கண்ணகை கிளாசை வைத்தாள்.

"நாளைக்குக் கந்தோர் ஆக்கள் திரும்ப வாறாங்களாம். ஏன் எண்டு தெரியா. கதிரைய ஒருக்காத் தா கா."

"அக்கா, கதிரையப் பாத்துத்தானே அண்டைக்கு உங்கட பேர வெட்டின. நாளைக்கும் போட்டா..."

"தெரியும் கா. நான் என்ன சின்னப்பிள்ளையா? காசு தாறதும் தராததும் அவங்கட பாடு. வாற மனிசர இருத்துறது என்ட பாடு."

அவளைப் பேசித் திருப்ப முடியாது. மெல்லமாக மறுத்தால் அடுத்த வீட்டில் கேட்பாள், அங்கே இல்லாவிட்டால் அதற்கடுத்த வீட்டில். இந்த ஊரில் கண்ணகைக்குக் கதிரை கொடுக்காதவர் இல்லை. இனி எவர் வீட்டு வாசலிலும் கை நீட்டக் கூடாது என்று அவளே நினைக்கும்படி ஒன்று நடக்க வேண்டும். கேதீஸ்வரி பாயில் கிடக்கும் நல்லரத்தினத்தை நினைத்தாள். பிறகு, தன் வாழ்நாளில் நினைத்தும் பாராத ஒரு சொல்லைச் சொன்னாள்.

"காசு குடுத்து வாங்கின சாமான். கண்டவங்களுக்கெல்லாம் இரவல் குடுக்க ஏலா."

கண்ணகை எழும்பி, இருந்த கதிரையைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் கேதீஸ்வரி கிடுகுக்கிடையால் பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணகை ஒரு வீட்டுக்கும் போகவில்லை. பாயை விரித்து, அதன்மேல் பெட்டியடியில் கிடந்த தன் கலியாணக் கூறைச்சேலையை மடித்துப் போட்டு, வந்தவர்களை அதில் இருத்தினாள். அந்தக் கந்தோர்ப் பெண் சேலையை மிதிக்கக் கூசிக் காலை மடக்கிக்கொண்டு இருந்தாள். குடிக்கக் கிணற்றுத் தண்ணீர் கொடுத்தாள் கண்ணகை.

அவள் பெயரும் வந்தது. நல்லரத்தினத்தை ஓட்டோ பிடித்துப் பட்டணத்துக்குக் கொண்டுபோய்க் காட்டினார்கள். இப்போது பொல்லூன்றித் தெரு ஒழுங்கை வரை நடக்கிறார். கண்ணகை மிச்சம் பிடித்து முதலில் வாங்கியது ஆறு நீலக் கதிரைகள். செத்தவீடோ கலியாணமோ, யார் கேட்டாலும் தானே தூக்கிக்கொண்டு போய்க் கொடுக்கிறாள். கடப்பில் மட்டும் தகரம் அடித்துவிட்டாள். கேதீஸ்வரி உண்மையைச் சொல்ல இரண்டு தரம் அந்தத் தகரம் வரை போனாள். சொன்னால், தான் கந்தோரில் போய்க் கண்ணகையின் வறுமையை விளம்பியதும் சேர்ந்து வெளியே வரும். அந்த மனுசி அந்தக் காசைத் தொடமாட்டாள். கேதீஸ்வரி திரும்பி வந்துவிட்டாள்.

தை மாதம் மேனுகாவைப் பெண் பார்க்க வந்தார்கள். நாலு பேர் என்று சொல்லி எட்டுப் பேர் வந்து முற்றத்தில் நின்றார்கள். கேதீஸ்வரி ஒழுங்கையால் சுற்றிக் கண்ணகையின் வாசலுக்குப் போனாள். 'தரமாட்டன்' என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்லட்டும், திட்டட்டும், அப்படியாவது ஒரு பேச்சுத் தொடங்கட்டும் என்று ஆசைப்பட்டாள்.

"அக்கா, கதிரை கொஞ்சம்..."

கண்ணகை உள்ளே போய்க் கதிரைகளைக் கொண்டுவந்து வாசலில் வைத்தாள். தூசு தட்டினாள்.

"எத்தின வேணுமோ எடுத்துக்கொண்டு போங்க" என்றாள், கந்தோர் ஆளோடு பேசுவதுபோல.

கேதீஸ்வரி நாலு கதிரையைத் தூக்கிக்கொண்டு ஒழுங்கையால் நடந்தாள். வீட்டில் எல்லோரும் கதிரையில் இருந்தார்கள். தேத்தண்ணிக்கு அவள் இரண்டு தரம் சீனி போட்டதைப் பார்த்து, பெண்ணின் தாய்க்குப் பதற்றம் என்று மாப்பிள்ளை வீட்டார் நினைத்துக்கொண்டார்கள்.