கடைசித் தடுப்புச் சீட்டு

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டவனைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவனாவது ஓர் ஓணானோடு நிறுத்திக்கொண்டான். நான் எங்கள் முதலாளியின் செல்போனில் ஒரு விளையாட்டை ஏற்றிக் கொடுத்தேன்.

எங்களுடையது ஏசி பழுதுபார்க்கிற நிறுவனம். மாடியில் ஒரு நீள அறை, அதன் ஓரத்தில் கண்ணாடித் தடுப்புப் போட்ட முதலாளி அறை, கீழே வண்டி நிறுத்தும் கொட்டகை. வெயில் காலத்தில் ஊரே எங்களைத் தேடும். மழை பிடித்துவிட்டால் நாய்கூடச் சீந்தாது. எந்த வீட்டுக்கு எந்த மெக்கானிக்கை அனுப்புவது என்று பார்ப்பது என் வேலை. போன் எடுப்பது நாங்கள் எல்லாரும் அக்கா என்று கூப்பிடுகிற பெண்மணியின் வேலை. முதலாளியின் வேலை என்ன என்பது எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. மழைக்காலத்தில் அவர் கண்ணாடிக் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டி, என்ன நடக்கிறது என்று கேட்பார். ஒன்றும் நடக்கவில்லை என்று சொன்னால் சம்பளம் எதற்கு என்பார். ஏதோ நடக்கிறது என்று சொன்னால் எனக்குத் தெரியாமல் என்ன நடக்கிறது என்பார். அந்தத் தலை கொஞ்ச நாள் உள்ளேயே இருக்கட்டும் என்றுதான் விளையாட்டை ஏற்றிக் கொடுத்தேன். ஆசை அவ்வளவுதான்.

விளையாட்டு எளிமையானது. ஆரம்பத்தில் பத்துச் சீட்டு கொடுப்பார்கள். பாதிச் சீட்டில் 'அடி' என்றும் மீதியில் 'தடுப்பு' என்றும் பொருள்படப் படம் போட்டிருக்கும். அவற்றை வைத்துக்கொண்டு ஒரு பாழுங்கிணற்றுக்குள் படிப்படியாக இறங்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் ஒரு பிராணி காத்திருக்கும். அடியைப் போட்டால் அதற்கு வலிக்கும், தடுப்பைப் போட்டால் நமக்கு வலிக்காது. ஜெயித்தால் மூன்று புதுச் சீட்டை நீட்டுவார்கள். ஒன்றை எடுக்கலாம், எதுவும் வேண்டாமென்றும் சொல்லலாம். செத்தால் செத்ததுதான். சேர்த்ததெல்லாம் போய், பழையபடி அதே பத்துச் சீட்டோடு கிணற்று மேட்டில் நிற்க வேண்டும். கிணற்றின் அடியில் ஒரு ராட்சதத் தவளை உட்கார்ந்திருக்கும். அதைக் கொன்றால் ஜெயம். ஒரு கிணற்றுத் தவளைக்கா இத்தனை பாடு என்று கேட்காதீர்கள். அதைவிடப் பெரிய கிணற்றுத் தவளைக்கு நான் தினமும் காலையில் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

முதலாளி நீட்டிய சீட்டையெல்லாம் எடுத்தார். நெருப்புச் சீட்டு, விஷச் சீட்டு, எதற்கென்றே தெரியாத குடைச் சீட்டு, ஒன்றையும் விடவில்லை. வேண்டாமென்றும் சொல்லலாம் சார் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். சும்மா கொடுக்கிறான், வேண்டாமென்று சொல்ல நமக்கென்ன கொழுப்பா என்றார். கட்டு வீங்கியது. ஒவ்வொரு முறையும் கட்டைக் கலைத்து அதிலிருந்து ஐந்தே ஐந்து சீட்டுதான் கைக்கு வரும். எதிரே பாம்பு சீறிக்கொண்டிருக்கும்போது இவர் கைக்குக் குடை வரும். ஆறாம் படியைத் தாண்டுவதற்குள் ஒரு சாதாரண வௌவால் அவரைக் கொன்றது. போன் சரியில்லை என்றார். சிக்னல் சரியில்லை என்றார். அந்த விளையாட்டுக்குச் சிக்னலே தேவையில்லை. கடைசியில் சொல்லிக்கொடுத்தவன் சரியில்லை என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. வீட்டுக்குப் போய், இணையத்தில் யாரோ ஒரு பையன் இந்த ஆட்டத்தை விளக்குகிற வீடியோக்களை வரிசையாகப் பார்த்தேன். மகனின் பாடத்தை இப்படி ஒரு நாளாவது பார்த்ததுண்டா என்று கேட்டாள் மனைவி. அடுத்த வீடியோவைத் தட்டினேன். மறுநாள் அந்த இரவல் ஞானத்தை மூட்டை கட்டிக்கொண்டு முதலாளி முன்னால் போய் நின்றேன்.

"சார், சேக்கறவன் ஜெயிக்க மாட்டான். தூக்கறவன்தான் ஜெயிப்பான். முதல்ல குடுத்த பத்து கார்டும் தண்டம். வழியில கடை வரும்ல, அங்க ஒண்ணொண்ணா தூக்கிடுங்க. கட்டு மெலிஞ்சாத்தான் நல்ல கார்டு திரும்பத் திரும்பக் கைக்கு வரும்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணல் என்றாலும் தவளைதான். அந்தக் கிணற்றில் மொத்தம் எத்தனை தவளை என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

அன்றைக்கு முதலாளி ஒன்பதாம் படி வரை இறங்கினார். எனக்கு ஒரு காபி வரவழைத்துக் கொடுத்தார், இது நிறுவனத்தின் வரலாற்றில் முதல்முறை. பிறகு கண்ணாடி வழியாக எங்கள் அறையை ஒருமுறை பார்த்தார். இரண்டு நாளாகச் சீட்டுக்கட்டைப் பார்த்த அதே பார்வை. அது போய் அக்காவின் மேல் நின்றது.

அக்கா கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து இருந்தவர். ஒவ்வொரு போனையும் எடுத்தவுடன் பேசமாட்டார். ரிசீவரின் வாயை உள்ளங்கையால் பொத்தி, ஒரு கணம் நெஞ்சோடு வைத்துக்கொண்டு, அப்புறம்தான் பேசுவார். சோம்பேறித்தனம் என்று நான் நினைத்திருந்தேன். மூன்று நாளாக ஆள் வரவில்லை என்று வானத்துக்கும் பூமிக்கும் குதிக்கிறவர்கள் போனை வைக்கும்போது, நீங்கள் சாப்பிட்டீர்களா என்று அக்காவை விசாரித்துவிட்டு வைப்பார்கள். அக்கா பெரும்பாலும் சாப்பிட்டிருக்க மாட்டார். ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு இரண்டு வாய் சாப்பிட்டால் அதிகம்.

போனை மெக்கானிக்குகளே நேராக எடுத்துக்கொள்ளட்டும், நடுவில் ஓர் ஆள் எதற்கு என்று முதலாளி முடிவு செய்தார். அக்காவின் சீட்டு கிழிந்தது. அவர் தண்ணீர் பாட்டிலையும் ஸ்வெட்டரையும் பையில் போட்டுக்கொண்டு, என் மேஜைப் பக்கம் வந்து நின்றார். அழுவார் என்று பயந்தேன்.

"தம்பி, காலையில முதல் ஆளா ஒரு பெரியவர் கூப்பிடுவாரு. அவர் ஏசி எப்பவோ சரியாயிடுச்சு, சும்மாதான் கூப்பிடுவாரு. காது மந்தம். சத்தமா பேசு, கோவமா பேசாத."

எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு வார்த்தை எனக்காகக் கேட்டுப் பாரேன் என்று அவர் கேட்டிருந்தால்கூடத் தேவலை. நான் தலையாட்டினேன். அதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு.

அடுத்து வண்டி ஓட்டுகிறவரைத் தூக்கினார். மெக்கானிக்குகளுக்கே ஓட்டத் தெரியுமாம். கட்டு மெலிகிறது பார்த்தாயா என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அப்படியே மூலையில் நாற்காலியைச் சாய்த்துக் கண்மூடியிருக்கும் சின்ன சார் பக்கமும் பார்வை போகட்டும் என்று நான் ஜாடையாகச் சொன்னேன். சின்ன சார் முதலாளியின் மனைவிக்குத் தம்பி. முதலாளி பெருமூச்சு விட்டார்.

"அந்தக் கட்டுல ஒரு கார்டு வருதுல்ல, சாபம்னு. அடிக்கவும் அடிக்காது, தடுக்கவும் தடுக்காது, தூக்கவும் முடியாது. அப்படியே கிடக்கும். அத வெச்சுக்கிட்டுத்தான் ஆடணும்."

மனிதர் ஆட்டத்தை உண்மையாகவே புரிந்துகொண்டிருக்கிறார் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அதுவரை வராத பயமும் அன்றுதான் வந்தது. முதல் கையில் வந்த சீட்டுகளில், அதாவது கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து இருப்பவர்களில், இன்னும் யார் மிச்சம் என்று எண்ணிப் பார்த்தேன். எண்ண அதிக நேரம் ஆகவில்லை. நான் மட்டும்தான். தலையில் பாதி நரைத்துவிட்டது. யாரை எங்கே அனுப்புவது என்பதைத் தவிர வேறு தொழில் தெரியாது. மகன் இன்னும் பள்ளிக்கூடத்தைத் தாண்டவில்லை. வீட்டில் சொன்னபோது மனைவி சண்டை போடவில்லை.

"கத்துக்குடுத்தது நீங்கதானே? நல்லாத்தான் கத்துக்குடுத்திருக்கீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு விளக்கை அணைத்தாள்.

சும்மா இருக்க முடியுமா? அந்தப் பையனின் வீடியோவை மறுபடி துழாவி, எனக்குச் சாதகமான ஒரு சங்கதியைக் கண்டுபிடித்தேன். கிணற்று வழியில் அங்கங்கே ஒரு பட்டறை வரும். அங்கே பழைய சீட்டையே கூர்தீட்டிக்கொள்ளலாம். சாதா அடி பெரிய அடியாகிவிடும். எதற்குத் தூக்குவானேன், பழசையே தீட்டலாமே சார் என்று குழைந்தேன். முதலாளி என் நரைமுடியைக் கனிவோடு பார்த்தார். எவ்வளவு தீட்டினாலும் பழசு பழசுதானேப்பா என்றார்.

வெயில் ஆரம்பித்தது. ஏணி மேல் நின்று இரண்டு கையையும் இயந்திரத்துக்குள் விட்டிருக்கும் மெக்கானிக் எந்தக் கையால் போனை எடுப்பான் என்பதை யாரும் யோசித்திருக்கவில்லை. அவர்கள் எடுக்காத அழைப்பெல்லாம் சுற்றிவந்து அக்காவின் மேஜையில் அடித்தது. காலையிலிருந்து மாலை வரை அந்தப் போன் அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. எடுக்கச் சொல்லி என்னிடம் யாரும் சொல்லவில்லை, நானும் எடுக்கவில்லை. என் வேலையை விட்டுவிட்டு அடுத்தவர் வேலையைப் பார்த்தேன் என்று நாளைக்கு ஒருவரும் குறை சொல்லிவிடக் கூடாது அல்லவா?

அப்படியொரு மதியத்தில்தான் முதலாளி என்னை உள்ளே கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். அக்காவையும் அவர் முதலில் உட்காரத்தான் சொன்னார்.

"உன்கிட்ட ஒரு விஷயம் பேசணும். இத முடிச்சிட்டுப் பேசுவோம்" என்றார்.

எட்டிப் பார்த்தேன். முதல்முறையாகக் கிணற்றின் அடியை நெருங்கியிருந்தார். அடுத்த படியில் தவளை. அதற்கு முன்னால் கடைசிக் கடை திறந்திருந்தது. கட்டில் மொத்தம் ஏழே சீட்டு. ஆறும் பளபளவென்று புது அடிகள். ஏழாவது, ஆரம்பத்தில் கொடுத்த பழைய தடுப்பு. ஓரமெல்லாம் மங்கலாக வரைந்திருந்தது.

இதையும் தூக்கிவிட்டால் கட்டு சுத்தமாக இருக்கும், என்ன சொல்கிறாய் என்று கேட்டார். தவளை இரண்டு முறை மூச்சை இழுத்துக்கொண்டு சும்மா இருக்கும், மூன்றாவது முறை பாயும், அப்போது கையில் ஒரு தடுப்பாவது இல்லாவிட்டால் கதை முடிந்தது. அந்தப் பையன் இதைப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். தூக்குங்கள் என்றால் தோற்பார், அந்தக் கோபத்தில் என்னைத் தூக்குவார். வேண்டாம் என்றால் ஜெயிப்பார், அந்தச் சந்தோஷத்தில் என்னைத் தூக்குவார். எப்படிப் பார்த்தாலும் என் கழுத்துக்குத்தான் கத்தி. வெளியே அக்காவின் மேஜையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. கண்ணாடி வழியாக அந்தக் காலி நாற்காலி தெரிந்தது.

"வேண்டாம் சார். அது இருக்கட்டும். தவளை பாயறப்ப அது ஒண்ணுதான் உங்களக் காப்பாத்தும்."

நாற்காலி பேசியதுபோல முதலாளி என்னைப் பார்த்தார். அவரிடம் நான் வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல்முறை. பிறகு சிரித்தார்.

"கார்டுக்காகப் பேசுறியா, உனக்காகப் பேசுறியா?" என்று கேட்டுக்கொண்டே தடுப்பைத் தூக்கிப் போட்டார். தப்பான யோசனை சொன்னபோதெல்லாம் என் பேச்சை வேதமாக எடுத்துக்கொண்டவர் அவர்.

தவளை மூச்சை இழுத்தது. முதலாளி அடித்தார். மறுபடி இழுத்தது, மறுபடி அடித்தார். அதன் உயிர் ஒரு நூல் அளவுக்கு வந்துவிட்டது. பார்த்தாயா என்பதுபோல என் பக்கம் திரும்பினார். தவளை பாய்ந்தது. திரை கறுத்தது. அப்புறம் வெளிச்சம் வந்தபோது அவர் கிணற்று மேட்டில் நின்றுகொண்டிருந்தார்.

திரும்ப வந்த பழைய பத்துச் சீட்டையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். அந்தப் போனை யாராவது எடுங்களப்பா என்று கடைசியில் சலித்துக்கொண்டார். யார் எடுப்பது? சின்ன சார் கண்ணைத் திறக்கவில்லை. நான் எழுந்து போய் எடுத்தேன். ஒரு பெண் அழுகையும் ஆத்திரமுமாகக் கத்தினாள். கைக்குழந்தை வெக்கையில் தூங்காமல் கிடக்கிறதாம், இரண்டு நாளாக இந்த எண்ணுக்கு அடித்து விரல் தேய்ந்துவிட்டதாம். அவள் சொன்னது அத்தனையும் நியாயம். மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். வைத்ததும் அடுத்தது. அதையும் வைத்ததும் இன்னொன்று. நிமிர்ந்தபோது முதலாளி கண்ணாடிக் கதவருகே நின்றிருந்தார். ஏதோ புரிந்துவிட்ட முகம். எனக்கும் கொஞ்சம் நம்பிக்கை வந்தது என்பதை மறைப்பானேன்.

"இங்க பாரு, புதுசா ஆரம்பிச்சா பழைய கார்டு பத்தும் திரும்ப வந்துடுது. அக்காவக் கூப்பிடு, நாளைக்கு வரட்டும்."

கூப்பிட்டேன். அக்கா ஒரு பல் மருத்துவரிடம் சேர்ந்திருந்தார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். ஒரு கடுஞ்சொல் இல்லை.

"இங்க மதியம் சாப்பிடற நேரத்துல போன எடுத்துக் கீழ வெச்சுடுவாங்க தம்பி. நான் வரல." போனை வைக்கும் முன், "அந்தப் பெரியவர் கூப்பிடுறாரா?" என்றார்.

தெரியவில்லை என்றுதான் சொல்ல முடிந்தது. முதலாளியிடம் வந்து அக்கா வரமாட்டாராம் என்றேன். ஆட்டத்தில் இப்படியொரு விதி இல்லாததால் அவருக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் ஓடவில்லை. பிறகு அவர் முகம் மலர்ந்தது. என் யோசனையையே ஏற்றுக்கொள்கிறாராம், பழைய சீட்டையே தீட்டிக்கொள்ளலாமாம். ஆக, நான் தீட்டப்பட்டேன். மெக்கானிக்குகளை அனுப்புவதும் நான், போன் எடுப்பதும் நான். சம்பளம் மட்டும் தீட்டப்படாமல் மொண்ணையாகவே இருக்கிறது. வேலை தப்பியதே என்று வீட்டில் சொன்னேன். மனைவி என்னைப் பார்த்த பார்வையில் சந்தோஷம் இருந்ததா என்று சரியாகத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்த கையோடு போன் அடித்தது. பெரியவர்தான்.

"அந்தம்மா இல்லையா?"

இல்லை என்று சத்தமாகச் சொன்னேன். ஏன் என்று கேட்டார். நல்லாப் பேசுவாங்களே, என்ன ஆச்சு என்றார். அவரைத் தூக்கச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான் என்று காது மந்தமான ஒருவரிடம் எவ்வளவு சத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கும்? என்னை அறியாமல் ரிசீவரின் வாயைப் பொத்தி நெஞ்சோடு வைத்துக்கொண்டேன். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. இத்தனை வருஷமாக ஒவ்வொரு அழைப்புக்கும் அக்கா இதைத்தான் பொத்திக்கொண்டிருந்திருக்கிறார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முதலாளி புதிதாக ஒரு கிணற்றில் இறங்கத் தொடங்கியிருந்தார்.

"இருக்கீங்களா?" என்றார் பெரியவர்.

"இருக்கேங்க" என்றேன்.