அணில் வாலுக்கு இடம் வேணுமாம்

மூணு நாளா ஒரே வார்த்தை. ஸ்குவாண்டர். பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்கு இங்கிலீஷ் அகராதி போடுற ஆபீஸ்ல அவளுக்கு வேலையே இதுதான், வார்த்தைக்கு ஒரு எடுத்துக்காட்டு வாக்கியம். நாப்பது வாக்கியம் அச்சுக்குப் போனா வேலை நிரந்தரம். முப்பத்தொம்பது போயாச்சு. இது கடைசி. அஞ்சு மணிக்குப் பக்கம் அச்சுக்குக் கிளம்புது, அதோட அவ கெடுவும் முடியுது.

குழாயை மூடாம தண்ணியை வீணாக்கினவனைப் பத்தி எழுதிக் கொடுத்தா. எடிட்டர் சார் சிவப்பு மையில சுழிச்சுட்டாரு.

"இது சும்மா வேஸ்ட் பண்றதும்மா, மறதியில கூட நடக்கும். ஸ்குவாண்டர்னா கையில நல்லது ஒண்ணு இருக்கணும். அதை அசால்ட்டா வாரி விட்டுடணும். படிக்கிறவனுக்கு வயிறு எரியணும்."

வயிறா? அவளுக்கு ஏற்கெனவே பத்திக்கிட்டு எரியுது. சரி, அப்பன் சொத்தை அழிச்ச மகன்?

"அந்தப் பய எல்லா அகராதியிலயும் இருக்கான், விடு."

நாலரைக்குத்தான் ஒண்ணு சிக்குச்சு. ரெண்டு கோல் முன்னாடி இருந்த டீம், கடைசி பத்து நிமிஷத்துல மேட்ச்சையே கோட்டை விட்டுச்சுன்னு. எடிட்டர் படிச்சுட்டு, "அடப்பாவிங்களா, ஜெயிச்ச மேட்ச்சாச்சே!"ன்னு உச்சுக் கொட்டி டிக் போட்டாரு. அவ குதிக்காத குறை.

அப்பப் பாத்து, பக்கத்தை வடிவமைக்கிற அண்ணன் கம்ப்யூட்டருக்குப் பின்னாலேர்ந்து எட்டிப் பார்த்தாரு.

"தங்கச்சி, கோச்சுக்காத. அதே பக்கத்துல அணில் படம் இருக்குல்ல, கொஞ்சம் பெருசாயிடுச்சு. ரெண்டு வரி இடிக்குது. உன் வாக்கியத்தைத் தூக்கிட்டேன். அர்த்தம் இருக்கே, போதும்ல?"

"படத்தைச் சின்னதாக்குங்கண்ணே!"

"சின்னதாக்கினா மூஞ்சி தெரியாது. வேற வரைஞ்சு தர ஓவியர் லீவு."

"அச்சுல வரலைன்னா கணக்குல வராதும்மா, ரூல் அப்படி"ன்னு எடிட்டர் கண்ணாடியைத் துடைச்சாரு. மணி நாலு அம்பத்தாறு.

வந்துச்சே கோபம்! விறுவிறுன்னு போய் அண்ணன் நாற்காலிக்குப் பின்னாடி நின்னா. ஸ்கிரீன்ல அணில் கொழுகொழுன்னு உக்காந்திருக்கு, வாலை வானத்துக்குத் தூக்கிக்கிட்டு.

"வாலை வெட்டுங்க."

"என்னது?"

"அந்த நுனி சரியா ரெண்டு வரி உயரம். வெட்டுங்கண்ணே! அணிலுக்கு வால் இருக்கும்னு பிள்ளைங்களுக்குத் தெரியும். இந்த வார்த்தைதான் தெரியாது!"

அண்ணன் எடிட்டரைப் பார்த்தாரு. எடிட்டர் அணிலைப் பார்த்தாரு.

"ஓவியர் என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவாரு"ன்னு எடிட்டர் முனகிக்கிட்டே சரின்னு தலையாட்டினாரு.

பக்கம் அஞ்சுக்குப் போயிடுச்சு, முக்கால் வாலோட. அண்ணன் கை கொடுத்தாரு. அவ கொடுக்கல. பேனாவை மேஜையில எறிஞ்சுட்டு, "ஒரு அணில் கூடவெல்லாம் மல்லுக்கட்ட வெச்சுட்டீங்களேய்யா"ன்னுட்டு முகம் கழுவப் போனா.