பிடித்துத் தைத்த சட்டை

"திரும்பு. கையைத் தூக்கு. இன்னும் கொஞ்சம் தூக்குடா."

"என்னக்கா, வார்டருங்களே தேவலை போலிருக்கே. நீ இப்படி சோதனை போடறே?"

"வாயைக் கொறைச்சுட்டு நில்லு. அளவு பாக்கறேன்."

சிறையின் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் தம்பி, இந்தப் பக்கம் அக்கா. நாடா போட்டு அளக்க வழியில்லை. ஆனால் கடை வாசலில் நுழையும்போதே ஆளின் இடுப்பளவைச் சொல்லிவிடுகிற தையல்காரி அவள். கண்ணாலேயே அளந்தாள். தோள் சரிந்து, கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு, துணி மாட்டுகிற கொக்கிபோல நின்றான்.

"ராத்திரி தூங்கறியா?"

"அதெல்லாம் மறந்தே போச்சு."

"சாப்பாடு?"

"உள்ளே போன வேகத்துல வெளியே வந்துடுது. அதுக்கும் இந்த இடம் பிடிக்கலை."

அவன் லிஃப்ட் மெக்கானிக். ஒருமுறை லிஃப்ட் குழிக்குள் விழுந்து முதுகை உடைத்துக்கொண்டான். அப்போது கொடுத்த வலி மாத்திரை, வலி போன பிறகும் அவனை விடவில்லை. மாத்திரை கிடைக்காதபோது போதைப் பவுடர். பவுடருக்காக, வேலை பார்த்த கட்டடத்திலேயே செம்புக் கம்பியைத் திருடினான். அவனைத் தரதரவென்று ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனவள் அக்காதான். அங்கே நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்கிற மாத்திரை ஒன்று தந்தார்கள். தினம் ஒன்று. ஆளே மாறிப்போனான். மறுபடி ஸ்பேனரைப் பிடித்தான். லீவு நாளில் அக்காவின் மெஷினுக்கு எண்ணெய் போட்டான். இரண்டு வருஷம் அப்படி ஓடியது. அதுவரை ஆடி அசைந்து வந்துகொண்டிருந்த பழைய திருட்டு வழக்கு, அப்போது பார்த்துத் தீர்ப்பாகி அவனை உள்ளே தள்ளியது. சிறை வாசலிலேயே மாத்திரையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். போதைக்காரனுக்கு இன்னொரு போதையா, விதியில் இடமில்லை என்றார்கள்.

அதை எதிர்த்துத்தான் வழக்கு போட்டிருந்தான்.

"பக்கத்துல படுக்கறவன் தினமும் கேக்கறான்க்கா, வேணுமான்னு. உள்ளே எல்லாம் கிடைக்குது. டாக்டர் எழுதிக் கொடுத்த அந்த மாத்திரை ஒண்ணுதான் கிடைக்கலை."

"டேய்!"

"வேணாம்னுதான் சொல்லியிருக்கேன். இருடா, ஜட்ஜ் ஐயா மாத்திரை தரச் சொல்லுவாரு பாருன்னேன். சிரிக்கறான். கேஸ் முடியற வரைக்கும் பல்லைக் கடிச்சுட்டு இருந்துடுவேன்க்கா. அதுக்கு மேல என்னைக் கேக்காதே."

ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருந்தது வக்கீலம்மாவின் அறை. ஃபைல்களை நகர்த்திவிட்டுத்தான் அக்கா உட்கார வேண்டியிருந்தது.

"சிறை டாக்டர், ஆரோக்கியமா இருக்கார்னு எழுதிக் கொடுத்துட்டார். வெறும் காகிதத்தை வச்சுக்கிட்டு நான் எத்தனை நாள் மல்லுக்கு நிக்கறது? ஆளையே கூட்டிட்டு வரச் சொல்லிக் கேட்டேன், ஜட்ஜ் ஒத்துக்கிட்டார். அவர் கண்ணால பாக்கட்டும். அப்புறம் எந்த டாக்டர் என்ன எழுதினாலும் எடுபடாது."

"நான் என்ன செய்யணும்மா?"

"கோர்ட்டுக்குச் சொந்தத் துணி போட்டுக்கலாம். அவரோட சட்டை ஒண்ணு கொடுத்து அனுப்புங்க."

"நல்லதாவே கொடுத்து அனுப்பறேம்மா."

அதற்குள் வக்கீலம்மாவின் போன் அடித்தது. பேச்சு அதோடு முடிந்தது.

வேலைக்குப் போகும்போது அவன் விரும்பிப் போடுகிற நீலச் சட்டையை அக்கா வெளியே எடுத்தாள். உதறிப் பார்த்தாள். இன்றைய உடம்புக்கு அதில் இரண்டு பேர் நுழையலாம். இதை மாட்டிக்கொண்டா நீதிபதி முன்னால் நிற்பான்? தையல்காரி தம்பி கோணிப்பை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறான் என்று நாலு பேர் சொல்லமாட்டார்களா?

விலாவை இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்தாள். தோளைக் குறைத்து, உள்ளே மெல்லிய பஞ்சுத் துண்டு வைத்தாள். கழுத்தெலும்பு தெரியாதபடி காலரை விறைப்பாக உயர்த்தினாள். எத்தனையோ பேரின் தொப்பையையும் கூனையும் மறைத்த கை அது. தம்பிக்கு என்று வந்தால் சும்மா இருக்குமா?

சிறை வாசலில் வார்டர் தையலை விரலால் தடவிப் பார்த்தார்.

"என்னம்மா, மாப்பிள்ளைச் சட்டையா?"

"கோர்ட்டுக்குங்க."

"கோர்ட்டுக்குத்தான் எல்லாரும் மாப்பிள்ளை மாதிரி போறாங்க. திரும்பி வர்றப்பதான் மூஞ்சி தொங்கிப் போயிருக்கும்."

"சவரம் பண்ணிக்கச் சொல்லுங்க சார். நிமிந்து நிக்கச் சொன்னேன்னு சொல்லுங்க."

அவன் நிமிர்ந்துதான் வந்தான். காவலர்களுக்கு நடுவே, மழமழவென்ற முகத்தோடு, அளவெடுத்ததுபோல் பொருந்திய நீலச் சட்டையில். கடைசி பெஞ்சில் இருந்த அக்காவுக்குக் கண் நிறைந்தது. திரும்பிப் பார்த்த வக்கீலம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இவர்தானா? எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேங்க ஐயா."

பெரிய மனிதர் ஒருவர் விசாரித்தால் வேறென்ன சொல்வது? அக்கா வளர்த்த பிள்ளை அல்லவா?

வக்கீலம்மா பதறி எழுந்தாள். "ஐயா, அது மரியாதைக்குச் சொன்ன பதில்! அவருக்குத் தூக்கம் கிடையாது, சாப்பாடு தங்கறதில்லை. சர்க்கரைக்காரருக்கு உள்ளே ஊசி போடறாங்க. இவரோட வியாதிக்கு மட்டும் மருந்தைப் பிடுங்கி வச்சா எப்படி?"

அரசு வக்கீல் அவசரமே படவில்லை. "சர்க்கரைக்காரருக்கு ஊசியை நிறுத்தினா படுத்துடுவார் ஐயா. இவருக்கு நிறுத்தி ரெண்டு மாசம் ஆச்சு. நிக்கறதைப் பாருங்க. இந்த ஃபைலைத் தூக்கற என்னைவிட நல்லா இருக்கார்."

யாரோ சிரித்தார்கள். நீதிபதி இன்னொரு முறை பார்த்தார். கெட்டவரில்லை, நிதானமாகவே பார்த்தார்.

"எனக்கும் நோயாளியாத் தெரியலையே. மருந்து வேணுமா வேண்டாமான்னு சிறை டாக்டரே முடிவு பண்ணட்டும். மனு தள்ளுபடி."

வெளி வராந்தாவில் வக்கீலம்மா கேட்டாள். "புதுச் சட்டையாம்மா?"

"பழசுதாம்மா. தொளதொளன்னு இருந்துச்சு. பிடிச்சுத் தச்சேன்."

"அந்தத் தொளதொளப்பைத்தாம்மா ஜட்ஜ் பாக்கணும்னு நெனச்சேன்."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். வக்கீலம்மா சண்டை போடவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, "நான் சொல்லியிருக்கணும். தோணலை," என்றாள். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அக்காவுக்கு.

அடுத்த முறை அக்கா சிறைக்குப் பார்க்கப் போனபோது, கம்பி வலைக்குத் தம்பி சிரித்துக்கொண்டே வந்தான்.

"மெஷினுக்கு எண்ணெய் போட்டியாக்கா? போன தடவையே சொல்ல மறந்துட்டேன். பெடல்ல போடாதே, அடியில இருக்கற சக்கரத்துல போடு."

"என்னாலதான்டா எல்லாம். அந்தச் சட்டையை நான்…"

"சட்டைக்கு என்ன கொறை? எந்தக் கடைன்னு உள்ளே எல்லாரும் கேட்டாங்க. எங்கக்கா கடைன்னேன்." மூக்கைச் சொறிந்தான். கழுத்தைச் சொறிந்தான். "நேத்து தூங்கினேன்க்கா. அடிச்சுப் போட்ட மாதிரி."

அக்கா வலையோடு முகத்தை ஒட்டி அவன் கண்ணைப் பார்த்தாள். கருமணி ஊசி முனையாகச் சுருங்கியிருந்தது. ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போன அன்று பார்த்த அதே கண்.

"பக்கத்துல படுக்கறவன்…" என்று ஆரம்பித்தாள்.

"அவன் இப்ப சிரிக்கறதில்லை. பாவம், நல்லவன்தான்."

"வேணாம்டா. அக்கா சொல்றேன்ல, வேணாம்டா."

"கேக்காதேன்னு சொல்லியிருந்தேன்ல?" சிரிப்பு மாறாமலே சொன்னான்.

திரும்பும்போது வார்டர் நீலச் சட்டையை மடித்துக் கொடுத்தார். இனி அதற்கு உள்ளே வேலையில்லை.

மறுநாள் கடையில் இருக்கும்போது வக்கீலம்மாவின் போன் வந்தது. குரலில் ஒரு சுறுசுறுப்பு.

"மேல்முறையீடு போடலாம்மா! இந்தத் தடவை வெளியிலேர்ந்து டாக்டர் வந்து எடை பாப்பார், சிறுநீர் எல்லாம் எடுத்து சோதிப்பார். சட்டையெல்லாம் செல்லாது. இவ்வளவு கஷ்டத்துலயும் மனுஷன் சுத்தமா இருக்கார், அப்பவும் மருந்தை மறுக்கறாங்கன்னு காட்டினா ஜெயிச்சுடலாம்."

"சுத்தமா இல்லைன்னா?"

"அப்ப உள்ளே போதை எடுத்ததுக்குத் தனி கேஸ், கூடுதல் தண்டனை. இவனுக்கா மருந்துன்னு கேப்பாங்க. ஏம்மா, எதுக்குக் கேக்கறீங்க?"

"சும்மாதாம்மா."

"போய்ப் பாத்தீங்கல்ல? எப்படி இருக்கார்?"

அக்காவின் மடியில் நீலச் சட்டை கிடந்தது. விலாத் தையலைப் பிளேடு முனையால் பிரித்துக்கொண்டிருந்தாள். பிரியக் கூடாதென்று இரட்டையாகப் போட்ட தையல், லேசில் விடவில்லை.

"நல்லா இருக்காம்மா," என்றாள். "மேல்முறையீடு வேணாம்."