விஷம் என்று சொன்னவர்

...விஷம் என்று எதற்குச் சொன்னோம், காய்ச்சிக் குடியுங்கள் என்பதோடு நிறுத்தியிருக்கக் கூடாதா, தாலுகா ஆபீசிலிருந்து வந்த காலரா நோட்டீசில்கூட அந்தச் சொல் இல்லையே, மலைப் பிள்ளைகளுக்குப் பயம் காட்டினால்தான் மண்டையில் ஏறும் என்று நாமாகச் சேர்த்ததுதானே என்று நினைத்தபடி அர்த்தனாரி வாத்தியார் பலாமரத்தடியில் நின்று மூச்சு வாங்கினார். இன்னும் ஒரு மேடு ஏறினால் பெருமாயியின் வீடு. 'காய்ச்சாத தண்ணி விஷம்!' என்று பள்ளிக்கூடமே அதிரக் கத்தவைத்தாரே, முன்வரிசையில் பெருமாயிதான் எல்லாரையும்விட உரக்க, கழுத்து நரம்பு புடைக்க... அன்றைக்கு எவ்வளவு பெருமை அவருக்கு! பெரிய கெட்டிக்காரன்தான், போ.

அந்த ஐப்பசி மழையில்தான் மலைமேல் திண்ணனூர் நாட்டு ஊர்களுக்குள் காலரா வந்தது, பெருமாயியின் அப்பன் செங்கோடன், பெண்சாதிக்குக் கண்டதும், வைத்தியரைக் கூட்டிவர அடிவாரத்துக்கு இறங்கிவிட்டான், வீட்டில் அவளும் பத்து வயசுப் பெருமாயியும்தான், வாந்தியும் பேதியுமாகப் போய் நாக்கு வறண்ட தாய் தண்ணி தண்ணி என்று கேட்டிருக்கிறாள், பானை நிறைய ஊற்றுத்தண்ணீர் பக்கத்திலேயே இருந்திருக்கிறது, பிள்ளை கொடுக்கவில்லை, அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தது... பள்ளிக்கூடம் மறுபடி திறந்த அன்று வாசலில் நின்று செங்கோடனே சொன்னான். "பெத்தவ கேட்டுருக்கறா, ஒரு வாய் ஊத்தலீங்க. கல்லு மனசுக்காரின்னு சனம் பேசுது. அவ கத்துனது காதுல உழுந்தும் கிட்ட வராத சனமுங்க அது! நான் என்னன்னு சொல்லட்டுங்க? அன்னீலிருந்து புள்ள வாயே தொறக்க மாட்டேங்குது வாத்தியாரய்யா."

அவருக்கு அந்தக் கணமே விளங்கிவிட்டது. அடுப்படியில் எதற்கு? விறகெல்லாம் ஈரம், உலகச் சண்டை தொடங்கியதிலிருந்து மண்ணெண்ணெயும் கண்ணில் காண முடியவில்லை, ஊதி ஊதிப் புகையில் கண் எரிய... ஐயோ, தண்ணீர் காய்ச்சிக்கொண்டிருந்திருக்கிறாள்! காய்ச்சி இறக்குவதற்குள் கேட்டவள் போய்விட்டாள். ஊசி போட வந்த கம்பவுண்டர் வேறு, "எந்தத் தண்ணியா இருந்தா என்ன சார், அந்நேரத்துக்கு உள்ள போனாத்தான் உசுரு" என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டுப் போனார். செங்கோடா, நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் உன் மகள் செய்தாள் என்று அங்கேயே சொல்லியிருக்கலாமே, நான் வந்து பார்க்கிறேன் என்றுதானே சொல்லி அனுப்பினார், ரொம்ப நல்லவர்போல. இன்று சொல்லிவிட வேண்டும். சொன்னால் நாளைக்கு எவன் பிள்ளையை அனுப்புவான்... பள்ளிக்கூடத்துக்காகவா பயப்படுகிறாய், உனக்காகவா? சும்மா நட.

"வாங்க வாத்தியாரய்யா, ஊட்டுக்குள்ளதான் இருக்கறா, நீங்க கேட்டாவாவது பேசுவாளா பாருங்க" என்று செங்கோடன் வாசலிலேயே நின்றுகொண்டான். உள்ளே முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்த பெருமாயி அவரைக் கண்டதும் வகுப்பில் எழுவதுபோல எழுந்து கையைக் கட்டிக்கொண்டாள், எப்படி இளைத்துவிட்டாள், கழுத்தெலும்பு தெரிகிறதே, வழியெல்லாம் சேர்த்துவைத்த பேச்சு எங்கே போனது... "கண்ணு, உம்மேல தப்பில்ல, நாந்தான்..." பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. அவள் வாசலை ஒருமுறை பார்த்துவிட்டு அவர் காதருகே வந்தாள், ரகசியமாக, "அழுவாதீங்க சார். நீங்க சொல்லிக்குடுத்ததுன்னு நான் யாருகிட்டயும் சொல்லலீங்க. சொன்னா உங்கள அடிச்சுப்போடுவாங்க" என்றாள்.

அட பாவி மகளே, இதற்காகவா இத்தனை நாளும் வாயைக் கட்டிக்கொண்டு, ஊர் தூற்றுவதையெல்லாம் வாங்கிக்கொண்டு... அவளை வாரி அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதிருக்க வேண்டாமா அவர், நெஞ்சுக்குள் முதலில் வந்தது என்ன, அப்பாடா என்றல்லவா வந்தது, யாருக்கும் தெரியாது, அப்பாடா... சீ, நீயும் ஒரு மனுஷனா?

"என்னுங்க, பேசுனாளா?" என்று வெளியிலிருந்து செங்கோடன் கேட்டான். அவர் வாயைத் திறந்தார். வேண்டாம் என்று பெருமாயி தலையை ஆட்டினாள், அவர் எதிர்பார்த்துக்கொண்டிருந்ததும் அதைத்தான் என்று அவருக்கே தெரிந்தது.